நாலாவது கூட்டு

பரஞ்சோதியின் பஸ் கிளம்பும்போது ஜெராய் மலை ஒருமுறை புரண்டு படுக்கும். சைலன்சர் ஓட்டையாகி இரண்டு வருஷம் ஆயிற்று. எங்கள் குருண் தாமான் குடியிருப்பில் அலாரம் வைத்து எழுகிற வீடு ஒன்றுகூடக் கிடையாது. காலை ஐந்தே காலுக்கு அவன் சாவியைத் திருப்பினால் போதும், கோழிகள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும், நாற்பது வீட்டிலும் ரைஸ் குக்கர் தானாகத் தட்டிக்கொள்ளும்.

அந்த பஸ்ஸில் நாற்பத்திரண்டு பெண்கள் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு வேலைக்குப் போனார்கள். எல்லாரும் ஒரே தொழிற்சாலை. கண்ணுக்குத் தெரியாத சில்லு ஒன்றைப் பன்னிரண்டு மணி நேரம் பூதக்கண்ணாடியில் பார்க்கிற வேலை. குருணில் பாதி பஸ் நிறையும். பிடோங், சுங்கை பட்டாணி, கடைசியாகச் சிடாம் கிரி பக்கத்துத் தோட்டச் சந்தி, அதற்குள் முழுதும் நிறைந்துவிடும். டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை பிரேமாவதிக்கு. அவள் பரஞ்சோதியின் மனைவி. அதே தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம். பஸ்ஸை ஓட்டுவது பரஞ்சோதி, பஸ்ஸுக்குள் இருப்பவர்களை ஓட்டுவது பிரேமாவதி என்று ஊரே சொல்லும். காரணம், கூட்டு.

கூட்டு என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் பால் பல் விழாத பிள்ளையும் சொல்லும். இருபது பெண்கள், ஆளுக்கு மாதம் முந்நூறு வெள்ளி. சேர்கிற ஆறாயிரத்தை மாதம் ஒருத்தி மொத்தமாக எடுத்துக்கொள்வாள். யாருக்கு எந்த மாதம் என்பதை முதல் நாளே சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிடுவார்கள். எங்கள் பஸ்ஸில் சீட்டுக் குலுக்கியது, தொழிற்சாலையில் தலைக்குப் போடுகிற வலைத் தொப்பியில். முதல் மாதம் மட்டும் சீட்டு இல்லை, அது கூட்டை நடத்துகிற தாய்க்கு. அதற்குப் பதிலாக, எவளாவது கட்டாமல் போனால் தாய்தான் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். கையெழுத்து, காகிதம் ஒன்றும் கிடையாது. பிரேமாவதியின் வாய்ச்சொல் அந்தக் காலத்தில் பேங்க் இரும்புப் பெட்டியைவிடக் கனம். “பிரேமாக்கா புடிக்கிற கூட்டு” என்றால் கண்ணை மூடிக்கொண்டு முந்நூறை நீட்டுவார்கள். மூடிய கண்ணோடு பஸ்ஸில் தூங்கியும் போவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேமாவதி ஓவர்டைம் போயிருந்தாள். மகள் சாந்தினி ஐந்தாம் படிவம் படிக்கிறவள். டியூஷனுக்குப் போய்விட்டாள். பரஞ்சோதி தானே சோறு ஆக்கிவிடலாம் என்று அரிசித் தோம்புக்குள் கையை விட்டான். மூன்று டின் அரிசிக்குக் கீழே விரலில் காகிதம் தட்டியது. இழுத்தான். இன்னொன்று வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. தபால்காரனே தோம்புக்குள் குடியிருக்கிறானோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மொத்தம் முப்பத்தொரு கடிதங்கள். மூன்று பேங்குகளிலிருந்து வந்தவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

பிரேமாவதி எட்டு மணிக்கு வந்தாள். அவன் சோற்றை ஆக்கி, டின் சார்டின் சம்பால் வைத்து, பயத்தங்காய் வதக்கி, மேசை நடுவில் கடிதங்களை அடுக்கி வைத்திருந்தான்.

“இது என்னா பிரேமா?”

அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். “அரிசி தோம்புல இருந்துச்சா?”

“தோம்புல எதுக்கு வச்ச?”

“வண்டு புடிக்காம இருக்கட்டும்னு. வேப்பெல கெடைக்கல.”

பரஞ்சோதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் அவள் சிரிக்கவில்லை.

“மொதல்ல சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டுக் கேளுங்க.”

“சொல்லிட்டு சாப்புடுவோம்.”

“சொன்னா சாப்புட மாட்டீங்க.”

அவன் சாப்பிட்டான். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“மொத கூட்டுல நாத்தனாரும் அண்ணியுமா ரெண்டு பேரு இருந்தாளுங்கள்ல. மூணாவது மாசம் நாலாவது மாசம் எடுத்துட்டு ஜொகூருக்கு ஓடிட்டாளுங்க. நான் கட்டினேன்.”

“எதுல இருந்து?”

“கார்டுல. அப்புறம் கார்டுக்குக் கட்ட முடியல. ரெண்டாவது கூட்டு ஆரம்பிச்சேன். தாய்க்கு மொத மாசம்ல, அத வச்சி மொத கூட்ட அடைச்சேன். அதுல மூணு பேர வேலைய விட்டு நிப்பாட்டிட்டான். அவளுங்களும் கட்டல. பேங்குல லோன் எடுத்தேன். அதும் பத்தாம மூணாவது கூட்டு…”

“எவ்வளவு?”

“பேங்குக்கு அம்பத்தஞ்சு.”

“அம்பத்தஞ்சு நூறு வெள்ளியா?”

“ஆயிரம்ங்க.”

மேலே விசிறி சுற்றியது. பரஞ்சோதி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கூட்டுக்காரிங்க இதுவரைக்கும் கட்டினது நாப்பத்தோராயிரம். ரெண்டாவது மூணாவது கூட்டும் சேர்த்து பதினெட்டு பேரு இன்னும் எடுக்கல.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க தெனம் நாப்பத்திரண்டு உசிர வச்சி ஓட்டுறீங்க. சொன்னா எங்கயாச்சும் கொண்டு போயி மோதிருவீங்கன்னுதான்.”

அன்று இரவே பரஞ்சோதி எங்கள் வாசலுக்கு வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் புல்லுக்கு அடிக்கிற மருந்து போத்தல். “இது உங்க வீட்ல இருக்கட்டும். என்னான்னு கேக்காதீங்க,” என்றான். கேட்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்த எவரும் அந்தப் போத்தலைப் பற்றி இரண்டு தடவை கேட்க மாட்டார்கள்.

மறுநாள் முதல் ஆலோசனை வரத் தொடங்கியது. பிரேமாவதியின் தாய்மாமன் பழனியாண்டி தோட்டத்தில் ஆள் மேய்த்த பழைய மண்டோர். பல் விளக்குவதற்கு முன்னாலேயே நான்கு குடும்பங்களுக்கு யோசனை சொல்லிவிடுவார். அவர் சொல்கேட்டு மாடு வாங்கினவன் மாட்டையும் இழந்தான், கயிற்றையும் இழந்தான், கயிறு கட்டியிருந்த மரத்தையும் தோட்டக்காரன் வெட்டிவிட்டான். அவர் வந்து நாற்காலியில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

“ஒண்ணும் கவலப்படாத மாப்ள. மூணு வழி இருக்கு.”

“சொல்லுங்க மாமா.”

“மொத வழி, ஜொகூருக்கு ஓடு.”

“பஸ்ஸ என்னா பண்றது?”

“பஸ்லயே ஓடு.”

பிரேமாவதி உள்ளேயிருந்து தேநீர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்த சத்தம், சாவடியில் மணி அடித்ததைப் போலிருந்தது.

“ரெண்டாவது, வீட்ட வித்துரு. மூணாவது,” அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தார். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருப்பார்களே, அந்த மாதிரி. வெறும் போன் நம்பர். “இவன் தங்கமான பையன். பேப்பரு கேக்க மாட்டான், சம்பளச் சீட்டு கேக்க மாட்டான். பத்தாயிரம் ஒரு மணி நேரத்துல.”

“ஆலோங்கா மாமா?”

“அந்தப் பேர ஏன் சொல்ற? உதவி பண்றவன்னு சொல்லு.”

ஆலோங் என்றால் ஆளைத் தின்னும் வட்டி என்று தெரிந்தும் பரஞ்சோதி போனான். சுங்கை பட்டாணியில் ஒரு காப்பிக் கடை. வந்தவன் இருபத்தாறு வயது, சீனப் பையன், நம்மைவிட நல்ல தமிழ் பேசினான். கழுத்தில் சங்கிலி இல்லை, கையில் பச்சை இல்லை. மெடிக்கல் கார்டு விற்கிறவன் மாதிரி பவ்யமாக இருந்தான். “அண்ணே, பத்தாயிரம். கையில எட்டாயிரம் தருவேன், ரெண்டாயிரம் மொத வட்டி. வாரம் ஆயிரத்து இருநூறு கட்டிக்கிட்டு வாங்க.” பரஞ்சோதி தன் அடையாள அட்டையை, ஐசியை, எடுத்துக் கொடுத்தான். பையன் போனில் அதைப் படம் பிடித்தான். பிறகு வீட்டு வாசல் படம் கேட்டான். பிறகு தேநீரை ஆற்றிக்கொண்டே, அதே பவ்யத்தோடு, “பாப்பா எந்த ஸ்கூல் அண்ணே?” என்று கேட்டான்.

பரஞ்சோதி எழுந்தான். ஐசியை அவன் விரலிடுக்கிலிருந்து உருவிக்கொண்டான். தன் தேநீருக்குத் தானே காசு வைத்துவிட்டு வந்தான். அந்தப் போனில் படமாகிப் போன ஐசியை நினைத்து அவன் இன்றைக்கும் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறான்.

அதற்குப் பிறகுதான் அலோர் ஸ்டார். அங்கே கடன்பட்டவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிற அலுவலகம் ஒன்று இருக்கிறது என்று தொழிற்சாலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆறு வருஷமாக அந்தக் காகிதத்தின் அடியில்தான் பிரேமாவதி பஞ்ச் கார்டு தட்டினாள். ஒரு புதன்கிழமை இருவரும் லீவு போட்டார்கள். பழைய கஞ்சில் காடி. வழி நெடுகிலும் இருபுறமும் நெல்வயல், வயலுக்கு மேல் மழைமேகம். காரில் வைப்பர் மட்டும் பேசியது.

அலுவலகத்தில் ஏசி அப்படிக் குளிர்ந்தது, பேங்குக்காரனே உள்ளே வந்தால் கடனை மறந்து போர்வை கேட்பான். நம்பர் எடுத்து உட்கார்ந்தார்கள். அழைத்தவள் தலீலா, முப்பது வயதுக்குள் ஒரு மலாய்ப் பெண். மூக்குக்கண்ணாடி, இளநீல முக்காடு. அவள் மலாயில்தான் கேட்டாள். கெடாவில் பிறந்த காதுக்கு அதுவும் வீட்டுப் பேச்சுதான், ‘காக்’ என்றால் அக்கா.

“காக் பிரேமா, மாதம் வீட்டுக்கு வருவது எவ்வளவு?”

“ரெண்டு பேருக்கும் சேர்த்து நாலாயிரம்.”

“சாப்பாடு?”

“தொள்ளாயிரம்.”

“கோயில்?”

பிரேமாவதி யோசித்தாள். “முப்பது.”

“பரவாயில்லை, கோயிலை விட வேண்டாம்,” என்று தலீலா எழுதிக்கொண்டாள். வீட்டுக் கடன், பெட்ரோல், மின்சாரம், போன், சாந்தினியின் டியூஷன், பரஞ்சோதியின் சுருட்டு வரை கேட்டாள். இருபத்து மூன்று வருஷக் கல்யாணத்தில் பரஞ்சோதியே கேட்காத கேள்விகளையெல்லாம் அரை மணியில் கேட்டு முடித்தாள். பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

“கணக்கு உதைக்கிறது. இதன்படி பார்த்தால் மாதம் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். ஆனால் நீங்கள் கார்டில் பணமாக எடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். மாதம் எண்ணூறு எங்கே போகிறது?”

“மளிகை,” என்றாள் பிரேமாவதி.

“வேறு கடன் ஏதும் இல்லையே? நண்பர்கள், வட்டிக்காரர்?”

“இல்ல.”

பரஞ்சோதி மனைவியைப் பார்த்தான். அவள் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலீலா திட்டத்தைச் சொன்னாள். மூன்று பேங்குகளோடும் அவர்களே பேசுவார்கள். கார்டுகள் ரத்து. மாதம் ஆயிரத்து முந்நூறு கட்டியது எழுநூற்றைம்பதாகக் குறையும். எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் புதிதாக ஒரு காசு கடன் வாங்கக் கூடாது. திவாலாகப் பெயர் கொடுப்பதும் ஒரு வழிதான், ஆனால் வீடு போகும் என்று அதையும் மறைக்காமல் சொன்னாள். “வீட்டுக்குப் போய் யோசியுங்கள்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மழை கொட்டியது. எதிரில் ஒருவன் வாழைப்பழ ஜெம்புட் உருண்டை பொரித்துக்கொண்டிருந்தான். பரஞ்சோதி இரண்டு வெள்ளிக்கு வாங்கி வந்து அவள் மடியில் வைத்தான்.

“ஏன் சொல்லல?”

“கூட்டு புடிக்கிறது சட்டத்துல இல்ல. சொன்னா என்னைய உள்ள வைப்பான்.”

“அந்தப் பொண்ணா உன்னைய உள்ள வைக்கப் போவுது? அதுக்கு வெயிட்டே நாப்பது கிலோ.”

“நீங்க சிரிக்காதீங்க.” பிரேமாவதி ஒரு பலகாரத்தைப் பிட்டாள், தின்னவில்லை. “ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டா. பஸ்ல முப்பது பேரு நச்சரிக்கிறாளுங்க, புதுசா ஒரு கூட்டு ஆரம்பிக்கச் சொல்லி. தீபாவளிக்கு முன்னாடி. முப்பது பேரு, முந்நூறு. தாய்க்கு மொத மாசம் ஒம்பதாயிரம். அடுத்த மாசம் மருதம்மாக்காவோட முறை, அதுக்குக் குடுத்துரலாம். மிச்சத்துல அடுத்தவளுக்கு. கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.”

“அஞ்சாவது கூட்டா?”

பிட்ட பலகாரம் விரலில் ஆறிப்போயிற்று. மழை கொஞ்சம் விட்டபோது பிரேமாவதி எழுந்தாள். காடியை நோக்கிப் போகாமல் மறுபடியும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நம்பர் எடுக்கவில்லை. நேராகத் தலீலா மேசைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

தலீலா நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் எழுதிய தாளைப் புரட்டிப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்.

“காக், இதை நான் என் பாரத்தில் ஏற்ற முடியாது. கூட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. பேங்குகளிடம்தான் நான் பேச முடியும், அந்தப் பெண்களிடம் பேச முடியாது. ஆனால் உங்கள் செலவில் மாதம் நானூறு மிஞ்சுகிற மாதிரி எழுதித் தருகிறேன். அது அவர்களுடையது. போய் உண்மையைச் சொல்லுங்கள். தயவு செய்து இன்னொன்று ஆரம்பிக்காதீர்கள்.”

“சொன்னா என்னைய அடிப்பாங்க.”

“அடிக்கலாம்,” என்றாள் தலீலா. அவள் பொய் சொல்லத் தெரியாத பெண்.

காகிதத்தில் கையெழுத்தாயிற்று. கத்தரிக்கோலால் கார்டுகளை வெட்டினார்கள். பரஞ்சோதி ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் டிரிப், பந்து ஆட்ட டிரிப் ஓட்டி இன்னொரு முந்நூறு சேர்ப்பதாகச் சொன்னான். ஆக மாதம் எழுநூறு. நாற்பத்தோராயிரத்தை எழுநூறால் வகுத்தால் நாலு வருஷம் பத்து மாதத்துக்கும் மேல். இதைத்தான் பஸ்ஸில் சொல்ல வேண்டும்.

வியாழனன்று பிரேமாவதி சொல்லவில்லை. வெள்ளியன்றும் இல்லை. காலையில் ஏறும்போதே அவளுக்கு நாக்கு சோளத்தட்டையாகக் காய்ந்துவிடும். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஷிப்டு முடிந்து எல்லாரும் ஏறினார்கள். மழை வருகிற மாதிரி மேற்கே வானம் செம்மண் நிறத்தில் கிடந்தது. தொழிற்சாலை கேட்டைத் தாண்டியதுமே கூச்சல் ஆரம்பித்துவிட்டது.

“பிரேமாக்கா, புது கூட்டுக்கு என் பேர எழுதிக்குங்க, எங்க அண்ணி பேரும்,” என்றாள் தேவகி. பிடோங் பெண், இருபத்தாறு வயது, தையில் கல்யாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க மூன்றாவது கூட்டின் எட்டாவது மாதத்தைத்தான் நம்பியிருந்தாள். “எங்க லைன்ல மட்டும் ஒம்பது பேருக்கா. ஒரு ஆளு பின்னாடி காசு எண்ணிக்கிட்டே நிக்குது பாருங்க.”

“தாய் மாசத்துக்கு எங்களுக்கெல்லாம் கோழி பிரியாணி போடணும் லா!”

“பிரியாணியா? அண்ணன் பஸ்ஸுக்கு ஒரு சைலன்சர் போடச் சொல்லு மொதல்ல!”

பஸ் முழுக்கச் சிரிப்பு. மருதம்மாள் மட்டும் மூன்றாவது வரிசையில் தூக்குச்சட்டியை மடியில் வைத்து அமைதியாக இருந்தாள். ஐம்பத்து நாலு வயது, தொழிற்சாலையில் தரை துடைக்கிறவள். சிடாம் கிரி பக்கத்தில் அவள் இருந்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வருஷக் கடைசிக்குள் லயத்து வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். வாடகை வீட்டுக்கு மூன்று மாத முன்பணம் வேண்டும். அடுத்த மாத ஆறாயிரம் அதற்குத்தான். அவள் இதைப் பற்றி நூறு தடவை பேசியிருந்தாள், வீட்டில் எந்த மூலையில் எந்தச் சாமி படம் மாட்டப் போகிறாள் என்பது வரைக்கும்.

சிடாம் கிரி சந்தி வந்தால் மருதம்மாள் இறங்கிவிடுவாள். அதற்கு முன் சொல்லியாக வேண்டும். பிரேமாவதி எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“புது கூட்டு இல்ல.”

“ஏங்கா?”

“பழைய கூட்டும் இல்ல. காசு இல்ல. எங்கிட்ட காசே இல்ல.”

முதலில் எவருக்கும் விளங்கவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள்கூட. அவள் தொடர்ந்து சொன்னாள். ஓடிப்போன இருவர், கார்டு, லோன், ஒரு கூட்டை வைத்து இன்னொரு கூட்டை அடைத்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். குரல் உயரவில்லை. பரஞ்சோதி பஸ்ஸை ஓரமாக ஒரு பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் விட்டு எஞ்சினை அணைத்தான். அந்த இரைச்சல் நின்றதும் உள்ளே இருந்த மௌனம் எல்லார் காதையும் அடைத்தது.

பிறகு உடைந்தது. நாற்பது பெண்கள் ஒரே சமயத்தில் கத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டுமானால் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர்களைக் கேளுங்கள். பம்பைப் பிடித்தபடியே உறைந்து நின்றார்கள்.

“எங்க காசுலதான் வீட்ல டிவி வாங்கினியா?”

“புருஷன் சுருட்டு குடிக்கிறதும் எங்க காசுதானா?”

“போலீஸ்ல சொல்லு! இப்பவே விடு பஸ்ஸ ஸ்டேசனுக்கு!”

“போலீஸ்ல என்னா சொல்லுவ?” என்று பின்னாலிருந்து ஒருத்தி. “கூட்டு போட்டோம்னு சொல்லுவியா? நம்மளயும் சேர்த்து உள்ள வைப்பான். வாய மூடு.”

தேவகி எழுந்து வந்து பிரேமாவதியின் கன்னத்தில் அறைந்தாள். ஒரே ஒரு அறை. பிறகு அறைந்த கையைப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். பரஞ்சோதி இருக்கையிலிருந்து பாதி எழுந்தான். பிரேமாவதி, “நீங்க உக்காருங்க,” என்றாள். உட்கார்ந்தான்.

மாதம் எழுநூறு, ஆளுக்கு நாற்பது வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிரித்துத் தருகிறேன் என்று அவள் சொன்னதும் அதற்கும் ஒரு கூச்சல்.

“நாப்பது வெள்ளிக்கு ரெண்டு கோழி வரும். கோழியா குடுத்தோம் நாங்க? மொத்தமா குடு!”

“மொத்தமா எங்கிட்ட இல்ல.”

“அப்ப ஒவ்வொரு ஆளா மொத்தமா முடி. சீட்டு குலுக்கு.”

“மருதம்மாக்காவுக்கு மொதல்ல குடுக்கலாம்,” என்றாள் ஒருத்தி மெதுவாக. “அவங்க வீட்ட விட்டுப் போகணும்ல.”

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலில் மழைத்துளிதான் இருந்தது. கடைசியில் தேவகி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எல்லாருக்கும் அவசரம்தான்,” என்றாள். அவளைத் திட்டக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை, ஏனென்றால் பதினெட்டு பேரும் அதைத்தான் நினைத்தார்கள்.

சம்பளச் சீட்டின் பின்பக்கத்தைக் கிழித்து எண் எழுதினார்கள். வலைத் தொப்பி ஒன்று வந்தது. தாய் கை படக்கூடாது என்று பிரேமாவதியைப் பின்னால் போகச் சொன்னார்கள். ஒவ்வொருத்தியாக எடுத்தாள். தேவகிக்கு நாலு. அவள் கல்யாணம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும், அல்லது முடியாமலே போயிருக்கும். மருதம்மாளுக்குப் பதினொன்று. கணக்குப் பார்த்தால் மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவள் சீட்டை நான்காக மடித்துத் தூக்குச்சட்டியின் மேல்தட்டில் வைத்து மூடினாள்.

பரஞ்சோதி எஞ்சினைப் போட்டான். சிடாம் கிரி சந்தியில் மருதம்மாள் இறங்கினாள். தினமும் இறங்கும்போது, “வரேன் தம்பி,” என்று அவனிடம் சொல்வாள். அன்று சொல்லவில்லை. குடையையும் விரிக்காமல் தோட்டத்துச் சாலையில் நடந்து போனாள். ஹெட்லைட் வெளிச்சத்தில் அவள் முதுகு கொஞ்ச தூரம் வரை தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஐந்தே காலுக்கு பஸ் புறப்பட்டது. பரஞ்சோதி பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. நாற்பத்திரண்டு பேரும் வந்தார்கள். வேறு பஸ் கிடையாது, வேலைக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. குருணில் பாதிப் பேர் ஏறினார்கள், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பிரேமாவதி கடைசியாக ஏறினாள். டிரைவருக்குப் பின்னால் இருந்த அவள் இருக்கையில் யாரோ ஒரு பையை வைத்திருந்தார்கள். யாருடையது என்று அவள் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிடோங்கில் தேவகி ஏறினாள். கண்கள் வீங்கியிருந்தன. பிரேமாவதியைப் பார்க்காமல் பின்னால் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். சுங்கை பட்டாணியில் எட்டு பேர். அவர்களும் அவளைச் சுற்றி, அவள் மேல் படாமல், மரத்தைச் சுற்றிப் போவது போலப் போனார்கள். நின்றுகொண்டே அரை மணி நேரம் ஆயிற்று. கை மரத்துப்போனால் அடுத்த கையை மாற்றினாள். பரஞ்சோதி கண்ணாடியில் அவளைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தான். அவ்வளவு மெதுவாக அந்த பஸ்ஸை அவன் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனால் கெடா மாநிலத்தையே எழுப்பிவிட்டான்.

சிடாம் கிரி சந்தியில் ஒரே ஒரு ஆள் நின்றாள். மருதம்மாள். பரஞ்சோதி கதவைத் திறந்தான். அவள் ஏறினாள். தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். நிற்கிற பிரேமாவதியைப் பார்த்தாள். இருக்கையில் இருந்த பையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பையைத் தூக்கி, யார் மடி என்று பார்க்காமல், பின் வரிசைக்கு எறிந்தாள்.

“உக்காருடி.”

பிரேமாவதி அசையவில்லை.

“உக்காருன்னு சொல்றேன்ல. அவன் ஓட்டுற லட்சணத்துக்கு ஒரு பிரேக் புடிச்சா போயி கண்ணாடில விழுவ. மண்ட ஒடஞ்சி நீ செத்துட்டா எம்பணத்துக்கு எவடி பதில் சொல்லுவா?”

பிரேமாவதி உட்கார்ந்தாள். மருதம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.